மத்தியானம் நனைந்த முகமூடி

கேப்டன் அழுதுகொண்டு வந்தாள் என்று சொன்னால் அந்தத் தீவில் யாரும் நம்பமாட்டார்கள். விருந்தாளிகளைப் படகில் ஏற்றிப் பவளப்பாறைக்குக் கூட்டிப்போவது, முகமூடியும் மூச்சுவிடும் குழாயும் மாட்டிவிடுவது, கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகைக் கவிழ்த்தவர்களைக் காலரைப் பிடித்துத் தூக்குவது என்று அந்த விடுதியில் கடல் சம்பந்தப்பட்ட அத்தனையும் அவள் பொறுப்பு. காற்றை எதிர்த்துப் பேசிப் பேசித் தடித்துப்போன குரல். பேர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. வந்து இறங்கிய அன்றே எல்லோருக்கும் அவள் கேப்டன்தான். அப்பேர்ப்பட்டவள் காலைச் சாப்பாடு முடிந்த கையோடு மூக்கை உறிஞ்சியபடி மணலில் வருவதைப் பார்த்ததும், குருவி தான் கட்டிக்கொண்டிருந்த மணல் கோட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

குருவி என்பது வீட்டில் வைத்த பெயர். வாய் ஓயாது, அதனால் வந்தது. அண்ணனும் அண்ணியும் விடுமுறைக்குக் கிளம்பியபோது பெட்டியோடு பெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தவள். அண்ணன் வந்த நாள் முதல் இரண்டு தென்னைக்கு நடுவே தொங்கும் வலைப்படுக்கையில் தூங்குகிறான். சாப்பாட்டு மணி அடித்தால் மட்டும் கண் திறக்கும். அண்ணி காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை அதிகாரி. கடை தானாக எரிந்ததா, எரித்தார்களா, வண்டி தொலைந்ததா, தொலைத்தார்களா என்று கண்டுபிடிப்பது உத்தியோகம். குரலை உயர்த்தாமலே எதிராளிக்கு வியர்க்க வைப்பாள் என்று அவள் ஆபீஸில் சொல்வார்கள். இங்கே வந்ததிலிருந்து அந்த அண்ணிக்கு ஒரே வேலை. ஈர மணலில் பாதத்தைப் புதைத்து வைத்துக்கொள்வது, அலை வந்து தோண்டி எடுத்ததும் மறுபடி புதைப்பது.

"அக்கா, பொய்யைக் கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலையாமே. குருவி சொன்னா," என்றாள் கேப்டன்.

அண்ணி குருவியைப் பார்த்தாள். குருவி அவசரமாகக் கடலைப் பார்த்தாள்.

"நான் லீவுல இருக்கேன்மா. ஆனா என் காது லீவுல இல்ல. உக்காரு, என்ன ஆச்சு?"

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டிலிருந்து சாயந்தர டீ வரைக்கும் அந்தக் கரையில் கடலுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் கேப்டனும் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாள். ஆள் பார்வையில் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. பலகையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். காலைப் படகு திரும்பியதும் கேப்டன் முகமூடி, குழாய், காலில் துடுப்பு மாதிரி மாட்டும் ஃபின் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் கொட்டகையில் ஆணி ஆணியாக மாட்டிப் பூட்டிவிடுவாள். அடிக்கிற காற்றுக்கு எல்லாம் சீக்கிரமே காய்ந்துவிடும்.

"ஆனா நாலஞ்சு நாளா, சாயந்தரம் கதவைத் திறந்தா ஒரு முகமூடியும் ஒரு ஜோடி ஃபின்னும் மட்டும் சொட்டச் சொட்ட இருக்கு. நாக்குல வெச்சுப் பார்த்தேன், உப்புக் கரிக்குது. யாரோ மத்தியானத்துல கடல்ல இறங்கறாங்க. நேத்து அந்த ஃபின்ல ஒண்ணு அலையில மிதந்து வந்து, சரியா முதலாளி காலுக்கு முன்னாடியே ஒதுங்கியிருக்கு."

"ஐயையோ!" என்றாள் குருவி.

"சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதனால நான்தான் வெளியாளுங்ககிட்ட காசு வாங்கிக்கிட்டுத் திருட்டுத்தனமா இறக்கி விடறேன்னு சொல்றாரு. இன்னிக்கு டீ நேரத்துக்குள்ள யாருன்னு தெரியணுமாம். இல்லாட்டி சாயந்தரப் படகுல மூட்டையைக் கட்டிக்கோன்னுட்டாரு." கேப்டன் படகு நின்ற பக்கம் கையைக் காட்டினாள். "பொம்பளையை நம்பி எவன்க்கா படகு தருவான்? நாலு விடுதியில சிரிச்சாங்க. இவரு ஒருத்தர்தான் குடுத்தாரு. குடுத்தவரே திருடின்னு சொல்லி அனுப்பினா, அப்புறம் நான் எந்தக் கரையில போய் நிப்பேன்?"

அண்ணி மணலிலிருந்து பாதத்தை உருவிக்கொண்டு எழுந்தாள். அவள் தானாக எழுந்ததை அந்த விடுமுறையில் குருவி அப்போதுதான் பார்த்தாள்.

கொட்டகை தென்னந்தோப்பின் ஓரத்தில், பலகைச் சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்தது. உள்ளே ரப்பர் வாடை. அண்ணி எதையும் தொடாமல் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நனையறது எது?" என்று கேட்டாள். கேப்டன் கடைசி ஆணியிலிருந்து ஒரு முகமூடியை எடுத்துக் கொடுத்தாள். குருவி முந்திக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, முகர்ந்தே பார்த்துவிட்டாள்.

"அண்ணி! கீழ் ரப்பர்ல என்னமோ பிசுபிசுன்னு இருக்கு. வாஸ்லின்! மணல்கூட ஒட்டியிருக்கு பாருங்க."

"மீசைக்காரங்க வேலை அது," என்றாள் கேப்டன். "மீசை இருந்தா ரப்பர் மேலுதட்டோட ஒட்டாது, தண்ணி உள்ள பூந்துடும். படகுல வர்ற ஆம்பளைங்களுக்கு நான்தான் சொல்லுவேன், தடவிக்கோங்கன்னு. ஆனா காலையில நான் சோப்புப் போட்டுக் கழுவித்தான் மாட்டறேன். இது அப்புறம் வந்த பிசுக்கு."

"அப்போ ஆம்பளை!" என்று குருவி கைதட்டினாள். தட்டிய கையோடு அவள் முகம் வாடியது. அந்த விடுதியில் மீசை இல்லாத ஆண் யார்? முதலாளிக்கு இருக்கிறது. தேனிலவுக்கு வந்த புதுமாப்பிள்ளைக்கு இருக்கிறது. மனைவியோடு வந்திருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு இருக்கிறது, அதுவும் கொடிக்கம்பம் மாதிரி. "நம்ம அண்ணனுக்கும் இருக்கே, அண்ணி!"

"உங்க அண்ணன் தூக்கத்துல நடந்தாக்கூடச் சாப்பாட்டு ரூமுக்குத்தான் நடப்பாரு," என்ற அண்ணி பின்பக்க ஜன்னலருகே போய் நின்றாள்.

ஜன்னல் இடுப்பு உயரத்தில் இருந்தது. உள்பக்கம் ஒரு இரும்புக் கொக்கி. வெளியிலிருந்து நெம்பிய தடமோ, பலகையில் கீறலோ எதுவுமில்லை. கேப்டன் கொக்கியை ஆட்டிக் காட்டினாள். "இதைத் திறக்கவே மாட்டேன்க்கா. மழைச் சாரல் அடிக்கும். சாயந்தரம் கொக்கி கழண்டு கிடந்தாக்கூட, காத்துல ஆடிக் கழண்டிருக்கும்னு மாட்டிடுவேன்."

"காலையில எல்லாத்தையும் அலசி மாட்டும்போது உன்கூட யார் இருப்பா?"

"யாரும் இல்ல. எல்லாரும் கழட்டிக் குடுத்துட்டுக் குளிக்க ஓடிடுவாங்க. மாஸ்டரம்மா மட்டும்தான் பாவம், வேணாம்னாலும் கேக்காம வந்து மாட்டித் தருவாங்க. தங்கமான மனசு."

ஜன்னலுக்கு வெளியே, சுவர் மறைப்பில் காற்றுப் படாத மணல் இருந்தது. அதைப் பார்த்ததும் குருவி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய வாத்து ஒன்று குடித்துவிட்டுக் கடலுக்குப் போனதுபோல அகல அகலமான தடங்கள், நுனி ஆழமாகப் பதிந்து, கரையை நோக்கி நேராகப் போயின. நடுவில் ஓரிடத்தில் இரண்டு உள்ளங்கையும் இரண்டு முட்டியும் பதிந்த பள்ளம்.

"விழுந்திருக்கான்!" என்றாள் குருவி.

அழுகையை மறந்து கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஃபின் மாட்டிக்கிட்டு முன்னால பார்த்து நடந்தா விழாம என்ன பண்ணுவாங்க? தண்ணிக்குள்ள போய் மாட்டுங்க, இல்லாட்டிப் பின்பக்கமா நடங்கன்னு படகுல ஏறின ஒவ்வொருத்தருக்கும் நான் தொண்டை கிழியச் சொல்லுவேனே."

"ஏன் இங்கேயே மாட்டிக்கிட்டான்? கையில தூக்கிட்டுப் போயிருக்கலாமே?" என்று குருவி யோசித்தாள்.

"நேத்து மத்தியானம் செருப்பு இல்லாம ஓடி வந்தியே, என்ன சொல்லிக் கத்தினே?" என்று அண்ணி கேட்டாள்.

குருவிக்கு உள்ளங்கால் மறுபடி சுட்டது. மத்தியான மணல் அடுப்பில் ஏற்றிய சட்டிதான். செருப்பில்லாத ஆள் ஃபின்னையே செருப்பாக்கிக்கொண்டு போயிருக்கிறான். செருப்பை எங்கே விட்டான், ஏன் விட்டான் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

அவர்கள் கரைக்குத் திரும்பியபோது காலைப் படகு புறப்படத் தயாராக இருந்தது. கேப்டன் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். முதல் ஆளாக மாஸ்டரம்மா படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பாதாம் மரத்தடியில் சாய்வு நாற்காலி, கையில் செய்தித்தாள், தலையில் ஓலைத் தொப்பி. வந்த நாளாக அந்த நாற்காலியை விட்டு அவர் அசைந்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னிக்காவது வாங்களேன்," என்றாள் மாஸ்டரம்மா.

"நீ போய்ட்டு வா. சின்ன வயசுல நான் அடிக்காத நீச்சலா? அலுத்துப்போச்சு எனக்கு."

அவர் செய்தித்தாளைச் சுருட்டி உயர்த்தி, ரயிலுக்குக் கொடி காட்டுவது மாதிரி படகை அனுப்பி வைத்தார். தினமும் நடக்கிற கூத்து அது. கை அசைத்த வேகத்தில் மூக்குக் கண்ணாடி மணலில் விழ, அவர் குனிந்தார். அரைக்கால் சட்டைக்குக் கீழே, முழங்காலின் பின்பக்கம் இரண்டும் வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்ததைக் குருவி பார்த்தாள். பிடரியும் கருகிப்போயிருந்தது. முகம் மட்டும் வந்தபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. பாவம், மனுஷனுக்கு இந்த வெயில் ஆகவில்லை என்று நினைத்து, "எண்ணெய் எதாவது தடவுங்க சார்," என்றாள். அவர் சட்டென்று நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

அதற்குள் குருவியின் கண் வேறு பக்கம் போய்விட்டது. படகின் முனையில் நின்ற புதுமாப்பிள்ளை, மீசை மேல் பளபளவென்று எதையோ தடவிக்கொண்டிருந்தான். குருவி அண்ணியின் கையைக் கிள்ளினாள்.

"கிடைச்சுட்டான் அண்ணி! வாஸ்லின் டப்பாவைப் பாருங்க!"

"பார்த்தேன். கிள்ளாதே."

"மத்தியானம் பொண்டாட்டி தூங்கினதும் இவன் நைசா..."

"அவன் எப்படி நீந்தறான்னு பார்த்திருக்கியா?"

"மீன் மாதிரி."

"மீன் எங்கேயாவது வாத்து நடை நடக்குமா?" என்று சொல்லிவிட்டு அண்ணி மறுபடி பாதத்தை மணலில் புதைத்துக்கொண்டாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லாமல் சொன்னது போலிருந்தது.

மத்தியானம் முதலாளியே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கொட்டகை வாசலில் போட்டுக்கொண்டார். அவர் உட்கார்ந்த தோரணைக்கு அந்தப் பக்கம் கொக்குகூட வராது. பொல்லாதவர் என்று சொல்ல முடியாது, பயந்தவர். முன்பு வேறொரு கடற்கரையில் வேலை பார்த்தபோது தனியாக இறங்கிய விருந்தாளி ஒருவரை உயிர்போகிற நேரத்தில் இழுத்துப் போட்டவராம். அன்று பிடித்த நடுக்கம் இன்னும் விடவில்லை.

அண்ணியும் குருவியும் மாஸ்டரம்மாவின் அறைப் பக்கம் போனார்கள். அவள் படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கறுப்புக் குடை விரித்துக் காய்ந்தது. படியருகே கழற்றிவிட்ட செருப்பின் பள்ளங்களில் பச்சையாகப் பாசி அப்பியிருந்தது.

"மத்தியானத்துல எங்களோட பந்து விளையாட வாங்களேன்," என்றாள் அண்ணி.

"எங்கம்மா! காலையில தண்ணியில ஊறிட்டு வந்தா மத்தியானம் தலைவலி பிளக்குது. கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துடறேன். அவரு மரத்தடியிலயே தூங்கிடறாரு."

"உண்மைதான்," என்று குருவியும் சாட்சி சொன்னாள். "தினமும் பின்பக்கமாப் போறப்போ பார்க்கறேன். தொப்பி, அதுக்குக் கீழ பேப்பர், நாற்காலிக்கு அடியில செருப்பு. அசையறதே இல்ல."

அண்ணி செருப்பையும் குடையையும் பார்த்தாள்; மாஸ்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள்; பிறகு ஒன்றும் கேட்காமல், இன்று பவளப்பாறையில் என்னென்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தாள். அவ்வளவுதான். மாஸ்டரம்மா மஞ்சள் மீன் கூட்டத்தைப் பற்றி ஆரம்பித்தவள், கையை விரித்து, கண்ணை உருட்டி, ஆமை கழுத்தை நீட்டியதை நடித்தே காட்டிவிட்டாள்.

திரும்பும்போது குருவிக்குப் பொறுமை போய்விட்டது. "மீன் கதை கேக்கவா போனோம்? டீ நேரம் வரப்போகுது அண்ணி! அந்தப் பொண்ணு பெட்டி கட்டிட்டிருக்கா!"

"யாருன்னு தெரியும்."

குருவி நின்றுவிட்டாள். "அப்போ போய்ச் சொல்லுங்களேன்!"

"சொன்னா கேப்டனோட வேலை தப்பும். ஆனா ஒரு பெரிய மனுஷர் ஊர் முன்னாடி தலை குனிவாரு. அவரே சொல்ல ஒரு வழி விடணும்." அண்ணி சற்று யோசித்தாள். "அவரைப் பார்த்தா அடுத்தவங்க சோத்துல மண்ணள்ளிப் போடற ஆளாத் தெரியல. பார்ப்போம்."

டீ நேரத்தில் எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். மூன்று பக்கமும் திறந்த ஓலைக் கூரை மண்டபம் அது. மூலையில் கேப்டன் பெட்டியோடு நின்றாள். தூரத்தில் சாயந்தரப் படகின் சங்கு ஊதியது. அண்ணன்கூட எழுந்து வந்திருந்தான், பிஸ்கட்டுக்காக.

"சொல்லுங்கம்மா," என்றார் முதலாளி. "கேப்டனுக்காக நீங்க பேசப்போறதாச் சொன்னாங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. யாரு?"

அண்ணி கோப்பையைக் கீழே வைத்தாள். "முதல்ல யாரு இல்லைன்னு சொல்றேன். கேப்டன் யாருக்காவது காசுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தா, அந்த ஆள் வாசல் வழியாப் போயிருப்பார். இங்க வந்தவர் ஜன்னல் ஏறிக் குதிச்சிருக்கார். மணல்ல தடம் இன்னும் இருக்கு, நீங்களே பார்க்கலாம். சாவி வெச்சிருக்கறவங்களோட கூட்டாளிக்கு ஜன்னல் எதுக்கு?"

முதலாளி தாடையைத் தடவினார்.

"வெளியாள்னும் தோணல. சுடற மணல்ல செருப்பில்லாம வெளியூர்லேர்ந்து எவனும் வரமாட்டான். வந்தவர் செருப்பை எங்கேயோ பக்கத்துலதான் விட்டிருக்கார். மறந்து விடல, வேணும்னே விட்டிருக்கார். செருப்பு இருந்தா ஆளும் இருக்கறதா நினைச்சுப்போம் இல்லையா?"

குருவிக்குப் பொறி தட்டியது. "ஆனா நான் தினமும் பார்த்தேனே..." என்று ஆரம்பித்தாள்.

"தொப்பியைப் பார்த்தே. பேப்பரைப் பார்த்தே. செருப்பைப் பார்த்தே. ஆளைப் பார்த்தியா?"

குருவியின் வாய் திறந்தபடி நின்றது. வெந்து உரிந்த முழங்கால் மடிப்பு அவள் கண்முன் வந்தது. நாற்காலியில் மல்லாந்து படுத்திருப்பவருக்குப் பின்னங்கால் எப்படிக் கருகும்? தண்ணீரில் குப்புற மிதப்பவருக்குத்தான் முகம் நிழலிலும் முதுகுப் பக்கம் வெயிலிலும் இருக்கும். காலையில் கண்ணால் பார்த்து, எண்ணெய் தடவச் சொன்ன தன் புத்தியை அவள் மனசுக்குள் செருப்பால் அடித்துக்கொண்டாள்.

"மீசை இருக்கறவர்ங்கறது முகமூடியில தெரியுது," என்று அண்ணி தொடர்ந்தாள். புதுமாப்பிள்ளையின் கை தன்னையறியாமல் உதட்டுக்குப் போயிற்று. புதுப்பெண் அவனை முறைத்தாள். "பயப்படாதீங்க தம்பி. இந்த ஆள் ஃபின்னை மாட்டிக்கிட்டு முன்பக்கமா நடந்து மூக்குக் குப்புற விழுந்திருக்கார். படகுல ஏறின யாரும் அந்தத் தப்பைப் பண்ணமாட்டாங்க. கேப்டன் காதுல போட்டு அனுப்பியிருப்பா. அந்தப் பாடத்தைக் கேக்காதவங்க ஆம்பளை விருந்தாளிகள்ல ரெண்டே பேர். ஒருத்தர் என் வீட்டுக்காரர்."

அண்ணன் வாயில் பிஸ்கட்டோடு திடுக்கிட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணி அத்தோடு நிறுத்திவிட்டு, குனிந்து நிதானமாகத் தன் டீயை ஆற்றத் தொடங்கினாள்.   மறுபடி சங்கு ஊதியது. கேப்டன் பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது.

"பெட்டியைக் கீழ வைம்மா," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.  "நான்தான். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. உன் வேலைக்கு உலை வெப்பேன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்."

"நீங்களா சார்!" என்று முதலாளி எழுந்தே விட்டார். "உங்களுக்குத்தான் நீச்சல் தெரியுமே, கேட்டிருந்தா படகுலயே..."

"தெரியாது." அவர் மனைவி இருந்த பக்கம் திரும்பவேயில்லை. "கல்யாணம் ஆன புதுசுல தெரியும்னு இவகிட்ட பீத்திக்கிட்டேன். முப்பது வருஷம் ஆச்சு, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக்கிட்டே வந்துட்டேன். இங்க வந்தா, இவ தினமும் ராத்திரி அந்த மீன் இப்படிப் போச்சு, இந்த ஆமை அப்படித் திரும்புச்சுன்னு சொல்றா. மீசைக்கு வாஸ்லின் தடவறதுகூட இவ சொல்லித்தான் தெரியும். எனக்குத் தலையை ஆட்டறதைத் தவிர ஒண்ணும் தெரியல. ஊருக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு நாள், கூடப் போய் நானும் பார்த்துடணும்னு..." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "கொட்டகை ஜன்னல் தினமும் திறந்தே கிடந்தது. அதிர்ஷ்டம்னு நினைச்சேன்."

முதலாளியின் முகம் சிவந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம். "அதிர்ஷ்டமா? நீச்சல் தெரியாத மனுஷன், மத்தியானத்துல, தன்னந்தனியா! ஆள் பார்வை இல்லாம உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா? ஆழம் தெரியாம காலை விட்டிருக்கீங்களே! கேப்டன், கதவைப் பூட்டினா போதுமா, ஜன்னலை யார் பார்க்கறது? திருட்டு இல்லைன்னே வெச்சுக்குவோம். ஒருத்தர் தனியா இறங்கியிருக்கார், அது உன் காவல்ல நடந்திருக்கு. அதுக்கு மன்னிப்பே கிடையாது."

கேப்டன் தலை குனிந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

"தனியாவா? யார் சொன்னது?"

மாஸ்டரம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது, அண்ணியின் தலையைத் தவிர.

"ஜன்னல் கொக்கியை எடுத்துவிட்டது நான். முகமூடி மாட்டற சாக்குல தினமும் எடுத்துவிட்டேன். வந்த அன்னிக்கு ராத்திரியே இவரு, அந்தக் கொட்டகை எப்பவும் பூட்டியேதான் இருக்குமான்னு கேட்டாரு. முப்பது வருஷத்துல கடலைப் பத்தி இவரு கேட்ட முதல் கேள்வி அது. எனக்குப் புரியாதா? மறுநாளே கொக்கியை எடுத்துவிட்டுட்டு, மத்தியானம் இவருக்குத் தெரியாம பின்னாடியே போனேன். இவரு ஒருநாள்கூடத் தனியா இறங்கல முதலாளி. கரை முடியற இடத்துல கறுப்புப் பாறை இருக்கில்ல, அது மேல குடையைப் பிடிச்சுக்கிட்டு, மிதவை வளையத்தை மடியில வெச்சுக்கிட்டு, இவரு கரையேறற வரைக்கும் கண்ணெடுக்காம நான் உக்காந்திருந்தேன். நான் நல்லா நீந்துவேன், கேப்டனைக் கேளுங்க. தப்பு என் மேலதான். கேப்டன்கிட்ட சொல்லாம பண்ணிட்டேன்."

பாசி எங்கிருந்து வந்தது என்று குருவிக்கு இப்போது புரிந்தது. தீவு பூராவும் மணல். பாறை அங்கே மட்டும்தான். அறையில் படுத்திருக்கிறவளுக்கு எதற்குக் குடை? அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியையே பார்த்தபடி நின்றார். "அப்போ... நான் தண்ணி குடிச்சுத் தத்தளிச்சதெல்லாம்..."

"பார்த்தேன்."

"அந்த ஃபின் கழண்டு போச்சே, அதைப் பிடிக்கப் போய் ரெண்டு தடவை கவுந்தேனே..."

"அதையும்தான். சிரிப்பை அடக்க முடியாம குடையை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டேன்."

"ஏண்டி," என்றார் அவர், பாதிக் கோபமும் பாதி அழுகையுமாக, "எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க."

 அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கத் தொடங்கினார், துடைத்துக்கொண்டே இருந்தார். புதுப்பெண் தன் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  

 முதலாளி தானே போய் மூலையிலிருந்த பெட்டியைத் தூக்கிக் கேப்டனின் அறைப் பக்கம் வைத்துவிட்டு வந்தார். "விசாரிக்காம வாயை விட்டுட்டேன்மா. மனசுல வெச்சுக்காதே," என்றார். அவருக்கு அது பெரிய விஷயம்.

கேப்டன் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். அடுத்த நொடி அவளுடைய பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "சார்! காலை விடியட்டும், முதல் ஆளா என்கிட்ட வரணும். கையைக் காலை உதைக்கறதுக்குப் பேர் நீச்சல் இல்ல. அம்மா, நீங்களும்தான். இனிமே என் கொட்டகையில யாராவது கொக்கியைத் தொட்டா, கவுத்துவிட்டுடுவேன்!"

மறுநாள் காலை ஸ்டேஷன் மாஸ்டரைக் கரையோரத்தில் வைத்துப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் கேப்டன் படகில் ஏற்றினாள். அண்ணியும் போனாள், குருவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பவளப்பாறை வந்தது. அவர் இடுப்பில் மிதவை, ஒரு பக்கம் கேப்டன், மறுபக்கம் மாஸ்டரம்மா. ஏணிக் கம்பியை விடாமல் ஒவ்வொரு படியாக இறங்கினார்.  முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.

வைத்தவர் எடுக்கவில்லை. குழாய் வழியாக மூச்சு வரும் சத்தம் மட்டும் புஸ் புஸ்ஸென்று கேட்டது. முதலில் வேகமாக வந்தது, போகப் போக நிதானப்பட்டது. குருவி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஒரு வழியாக அவர் தலையைத் தூக்கி, குழாயை வாயிலிருந்து பிடுங்கினார்.

"ஏய்! நீ பாதியைக்கூடச் சொல்லலையே!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"சொன்னேனே! நீங்கதான் சரி சரின்னு தலையை ஆட்டிட்டுத் தூங்கப் போனீங்க!"

பதில் சொல்ல அவர் மேலே இல்லை. முகம் மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு கை மட்டும் பக்கத்தில் துழாவிக்கொண்டு வந்து, மாஸ்டரம்மாவின் கையைப் பிடித்து, அதோ பார் என்று கீழே எதையோ காட்டியது.